ஓரத்தில் இருந்த கை

எங்கள் கம்பெனிக்கு டிஜிட்டல் கேமரா வந்தது ஒரு பொத்தானால். குழந்தைகள் போடும் காலர் பனியன் ஒன்றுக்கு எந்தப் பொத்தான் வைப்பது என்று எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் எங்களுக்கும் மூன்று வாரமாக வழக்கு. நாங்கள் கூரியரில் அனுப்பும் சாம்பிள் போய்ச் சேர்வதற்குள் அவர்களுக்கு மனம் மாறிவிடும். கடைசியில், ஒரு படம் எடுத்து மெயிலில் அனுப்பக் கூடாதா என்று அவர்களே கேட்டார்கள். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. சோப்பு டப்பா அளவில் ஒரு கேமராவை வாங்கி மேனேஜர் கையில் கொடுத்தார். மேனேஜர் அதை மூன்று நாள் பீரோவில் பூட்டி வைத்திருந்துவிட்டு நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதறீங்களேங்க. படம் எடுக்கறது என்ன பெரிய வேலைங்களா?" என்றார்.

நான் அங்கே மெர்ச்சன்டைசர். பையருக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பொய் சொல்லும் உத்தியோகம் அது. மீதி நேரத்தில் கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். அவை போன வேகத்தில் திரும்பி வரும். திரும்பி வருவதற்குக் கம்பெனி விலாசத்தைக் கொடுத்திருந்தது என் முட்டாள்தனம். தபால்காரர், வாட்ச்மேன், மேனேஜர் என்று எல்லோருக்கும் நான் எழுத்தாளன் என்பதும், எப்படிப்பட்ட எழுத்தாளன் என்பதும் தெரிந்திருந்தது.

பனியனைத் தரையில் விரித்து, நாற்காலி மேல் ஏறி நின்று நான் எடுத்த முதல் படம் மெயிலில் போனது. மறுநாள் பதில் வந்தது. பொத்தான் சரியாம். ஆனால் படத்தின் கீழ் ஓரத்தில் தெரியும் இரண்டு கால் கட்டைவிரல்களும் ஸ்டைலில் சேர்ந்தவையா என்று கேட்டிருந்தார்கள். நாற்காலி மேல் ஏறும்போது மரியாதைக்குச் செருப்பைக் கழற்றியிருந்தேன். அந்த மெயிலை யாரோ பிரின்ட் எடுத்து சாம்பிள் ரூம் சுவரில் ஒட்டினார்கள். ஒரு மாதம் அது அங்கேயே இருந்தது. சாம்பிள் டெய்லர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் என் காலைப் பார்த்தார்கள். அவமானத்தில் பெரியது சின்னது இல்லை. அந்த வாரமே போட்டோ வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஜிப்பும் எலாஸ்டிக்கும் விற்கும் கடைக்கு மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. நடத்தியவர் என்னைவிட நான்கு வயது இளையவர். சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர் என்று பலகையில் போட்டிருந்தது. முகூர்த்த நாளில் அவர் கல்யாண போட்டோகிராபர், மற்ற நாளில் கலைஞர். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் வகுப்பு கிடையாது. அதனால் கலை எங்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும்தான் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் வாத்தியாருக்குப் பிறக்கும், எங்களுக்கு வகுப்பு போய்விடும்.

மாணவர்கள் ஏழெட்டுப் பேரும் பனியன் கம்பெனி ஆட்கள்தான். பிரின்டிங் பட்டறைக்காரர் ஒருவர், லேபிள் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், மற்றவர்கள் என்னைப்போல. எல்லோரும் ஒரே மாதிரிதான் படம் எடுத்தோம். ஆளை நட்ட நடுவில் நிறுத்தி, தலைக்கு மேல் பாதி வானத்தை வைத்து, பாஸ்போர்ட்டுக்குப் போல. வாத்தியார் கரும்பலகையில் ஒரு படச் சட்டம் வரைந்து, குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு இழுத்தார். கோடுகள் வெட்டிக்கொள்ளும் நாலு இடத்தில் ஒன்றில்தான் விஷயம் உட்கார வேண்டும், நடுவில் அல்ல என்றார். நடுவில் உட்கார வைப்பது மாப்பிள்ளையை மட்டும்தானாம், அதுவும் அதற்குத் தனக்குச் சம்பளம் வருவதால்.

எனக்குக் கேமராவைவிட வேறொன்று உறைத்தது. என் கதாநாயகர்கள் எல்லோரும் நட்ட நடுவில்தான் நின்றார்கள். தலைக்கு மேல் பாதிப் பக்கம் வானம், அதில் நிலா. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, திரும்பி வந்த கதை ஒன்றை வாத்தியாரிடம் கொடுத்தேன். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கதையில எல்லாருமே கேமராவப் பாத்துட்டு நிக்கறாங்க" என்றார்.

அடுத்த வாரம் அவர் வீட்டுப்பாடம் கொடுத்தார். ஆளுக்கு ஒரு படம், அந்தப் படத்துக்கு ஒரே ஒரு வாக்கியம். வாக்கியத்தில் இரண்டு சங்கதி வந்துவிட்டால் படத்திலும் இரண்டு படம் இருக்கிறது என்று அர்த்தமாம், ஒன்றைத் தூக்கி எறிய வேண்டுமாம். பிறகு எனக்காகவே சொன்னதுபோல ஒன்று சொன்னார். "அமுக்கறதுக்கு முன்னாடி நாலு ஓரத்தையும் கண்ணால ஒரு சுத்து சுத்தி வரோணும். ஓரத்துல அரைக் கை, அரைக் கால், ஒரு செருப்பு, எதுவும் நிக்கக் கூடாது. ஓரம் சுத்தமா இருந்தாத்தான் வாக்கியம் முடிஞ்ச மாதிரி." எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் மனசில் எழுதிக்கொண்டேன், இரண்டு கட்டைவிரல்களும் சாட்சியாக.

ஒரு மார்கழி ஞாயிறு திருமுருகன்பூண்டிக்கு எங்களைச் சிற்பப் பட்டறை பார்க்கக் கூட்டிப் போனார். கல்தூசிக்கு நடுவில் பாதி முடிந்த அம்மன்களும் பிள்ளையார்களும் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேரும், யாரும் யாரையும் கேட்காமல், உளி பிடித்த ஒரே கையை எடுத்தோம். வாக்கியம் எழுதச் சொன்னபோது கல்லுக்குள் தூங்கும் கடவுள் என்று ஏழு பேர் எழுதினோம். லேபிள் பாய் மட்டும் 'காலையிலிருந்து குந்தியே இருப்பதால் இவருக்கு இடுப்பு வலி' என்று எழுதினார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தோம். அன்றைக்கு அங்கே எழுதப்பட்ட உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான் என்று எனக்கு விளங்க வெகுநாள் ஆனது. கிளம்பும்போது அந்தக் கைக்காரர் கேட்டார்: "ஏனுங்க, எல்லாரும் கைய மட்டும் புடிச்சிட்டுப் போறீங்களே, ஆளு வேண்டாமுங்களா?" நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

அரைகுறை கற்றவனுக்கு ஆரவாரம் அதிகம். எனக்கு அதிகமாகவே இருந்தது. வீட்டுக் காலண்டரில் முருகன் நடுவில் நிற்கிறார் என்று குறை சொன்னேன். என் மனைவி எங்கள் கல்யாண ஆல்பத்தைக் காட்டி, "இதுல யாரு நடுவுல நிக்கறாங்கன்னு பாருங்க" என்றதும் வாயை மூடிக்கொண்டேன். எழுத்தில் மட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அழகிய, மெல்லிய, இனிய என்பவையெல்லாம் போயின. நிலா போனது. பதினாறு பக்கக் கதை நான்கு பக்கமானது, அதை ஒரு சின்னப் பத்திரிகை போட்டும் விட்டது. என் மாமனார் அதைப் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அச்சுல மீதி விட்டுப் போச்சாட்ட இருக்குதுங்க, மாப்ள" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் கம்பெனிக்கு ஆடிட் வந்தது. கணக்குப் பார்க்கும் ஆடிட் அல்ல. தொழிலாளர்களை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பையர் அனுப்பும் ஆள் வந்து பார்க்கும் ஆடிட். டை கட்டிய ஒருவர் வந்து இரண்டு நாள் சுற்றினார், கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தார், போய்விட்டார். பின்னாலேயே ஒரு நீளமான குறைப் பட்டியல் வந்தது. ஒவ்வொரு குறைக்கும் எதிரே இரண்டு கட்டம் காலியாக இருந்தது. ஒன்றில், சரிசெய்ததற்கு ஒரு படம். இன்னொன்றில், அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்.

மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் வாத்தியாரின் வீட்டுப்பாடத்தைக் கடல் தாண்டி இருப்பவர்களும் கொடுக்கிறார்கள் என்று நான் பூரித்துப் போனேன்.

கம்பெனியில் ஒன்றைச் சரிசெய்வதைவிடப் படச் சட்டத்துக்குள் சரிசெய்வது சுலபம் என்று நாங்கள் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. அவசர வழியை அட்டைப் பெட்டிகள் அடைத்திருந்தன. அவற்றை நான்கு அடி இடப்பக்கம் தள்ளி, படம் எடுத்து, திரும்பவும் நான்கு அடி வலப்பக்கம் தள்ளினோம். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றுதான் காலாவதி ஆகாமல் இருந்தது. அது நான்கு சுவரில் மாறி மாறித் தொங்கி நான்கு படத்தில் வந்தது. முதலுதவிப் பெட்டிக்குள் மேனேஜரின் சொந்த மாத்திரைகளை அடுக்கினோம். எல்லாவற்றிலும் விஷயம் கோடுகள் வெட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தது, ஓரம் சுத்தமாக இருந்தது. நான் எழுதிய வாக்கியங்கள் அதைவிடச் சுத்தம். 'வழி தடையின்றி வைக்கப்பட்டுள்ளது.' 'மருந்துகள் நிரப்பப்பட்டுள்ளன.' யார் வைத்தார்கள், யார் நிரப்பினார்கள் என்று கேட்க ஆளே இல்லாத வாக்கியங்கள். படத்தில் ஓரத்தை வெட்டுவதுபோல வாக்கியத்தில் ஆளை வெட்டிவிடலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு, அதற்காக அப்போது பெருமைப்பட்டேன்.

பட்டியலில் கடைசிக் குறை, குழந்தைகள் காப்பறை இல்லை என்பது. இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் அவர்களுடைய சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஆளும் வேண்டும் என்று எழுதியிருந்தது. மேனேஜர் பொத்தான், எலாஸ்டிக் எல்லாம் வைக்கும் ஸ்டோரில் ஒரு மூலையை ஒழித்தார். இரண்டு சுவருக்கு மட்டும் ரோஸ் நிறம் அடித்தார். படத்துக்கு இரண்டு சுவர் போதும் என்பது என் ஆலோசனை. பிரின்டிங் செக்‌ஷன் ஆள் ஒரு முயல் வரைந்தார். அது கழுதை மாதிரி இருந்தது. கழுதையைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிடலாம் என்று சொன்னேன். ஓர் இரும்புத் தொட்டில் வந்தது. பொம்மைகள் வந்தன, திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் பிளாஸ்டிக் உறையோடு. எல்லாம் இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை.

துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் பெண் ஒருத்தி அப்போது கொஞ்ச நாளாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கம் ஊர். அவளும் புருஷனும் அருள்புரத்தில் வரிசை வீடுகளில் ஓர் அறையில் இருந்தார்கள். இரண்டு வயதுப் பெண் குழந்தை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து அறைப் பெண் மாதக் கடைசியில் காலி செய்துகொண்டு போகிறாளாம். அதற்குள் ஓர் இடம் கிடைக்காவிட்டால் குழந்தையை ஊருக்கு, தன் அம்மாவிடம் அனுப்பிவிட வேண்டியதுதான். அனுப்பினால் அடுத்துப் பார்ப்பது பொங்கலுக்கோ கோயில் கொடைத் திருவிழாவுக்கோ. இதை அவள் சூப்பர்வைசரிடம் சொன்னாள், கேண்டீன்காரரிடம் சொன்னாள், என்னிடமும் ஒருமுறை சொன்னாள். அவளைத்தான் மேனேஜர் கூப்பிட்டார்.

"நாளைக்குக் குழந்தையக் கூட்டிட்டு வந்துருங்கம்மா. பிள்ளைகளுக்கு ரூம் ரெடி பண்ணியிருக்கறமுங்க" என்றார். மேனேஜர் யாருக்கும் மரியாதை குறைக்க மாட்டார். பொய் சொல்லும்போது ஒரு 'ங்க' கூடவே போடுவார்.

மறுநாள் அவள் வந்தாள். குழந்தைக்கு மஞ்சள் கவுன், எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. கையில் ஒரு பை. பையில் பால் பாட்டில், மாற்று ஜட்டிகள், ஒரு டப்பா பருப்புச் சோறு, பழைய சேலையில் கிழித்த துணிகள். படத்துக்காக மட்டும் வருகிறவள் அப்படிப் பை கொண்டு வரமாட்டாள். நாளைக்கும் நாளன்றைக்கும் விட்டுப் போகிறவள் கொண்டு வரும் பை அது. எனக்கு அது தெரிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், பையை எடுத்துச் சட்டத்துக்கு வெளியே வைத்தேன்.

குழந்தை தொட்டிலில் கிடக்க மாட்டேன் என்றது. தாய் இடப்பக்கம் நின்று ஒரு விரலைக் கொடுத்து மெல்ல ஆட்டினாள். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சம் வாத்தியார் சொல்லிவைத்ததுபோல அதன் கன்னத்தில் விழுந்தது. முகம் கோடுகள் வெட்டும் இடத்துக்குத் தானாகவே வந்து உட்கார்ந்தது. ஒரு கை இடப்பக்கம் நீண்டு கிடந்தது. நான் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். இன்றைக்கும் அதுதான்.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஓரத்தில் அவள் கை தெரிந்தது. மணிக்கட்டு வரை மட்டும். இரண்டு கண்ணாடி வளையல், ஊசி ஏறிய விரலில் சுற்றிய வெள்ளைத் துணி. அரைக் கை. எனக்குச் சாம்பிள் ரூம் சுவரில் ஒட்டியிருந்த மெயில் ஞாபகம் வந்தது. இழுத்து வெட்டினேன். ஓரம் சுத்தமானது. கீழே கட்டத்தில் எழுதினேன்: 'பணியாளர்களின் குழந்தைகள் இங்கு அன்புடன் பராமரிக்கப்படுகிறார்கள்.' அன்புடன் என்பதை மட்டும் பிறகு அடித்துவிட்டேன். அடைமொழி கூடாதே.

ஞாயிற்றுக்கிழமை அதை வகுப்புக்குக் கொண்டு போனேன். வாத்தியார் நெடுநேரம் பார்த்தார். "அந்தக் கை எங்கியோ நீளுது பாருங்க. எதப் புடிக்கறதுன்னு தெரியல. அதத்தான் நம்ம கற்பனைக்கு விட்டிருக்கறாரு" என்று மற்றவர்களுக்கு விளக்கினார். சுவரில் மாட்டினார்.

ஆனால் அதற்கு முன்பே, படம் எடுத்த மறுநாள் காலையிலேயே, கேட்டில் சத்தம் கேட்டது. அவள் பையோடும் பிள்ளையோடும் நின்றுகொண்டிருந்தாள். வாட்ச்மேன் கையை விரித்து மறித்திருந்தார்.

"உள்ள ரூம் இருக்குல்லா அண்ணாச்சி. நேத்துகூட அங்கனதான தூங்குனா" என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் புதிதாக வந்தவர், தகவல் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள் போல.

மேனேஜர் போனார். பின்னாலேயே நானும் போனேன். ஸ்டோரில் அதற்குள் பெட்டிகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டிருந்தன. தொட்டிலில் எலாஸ்டிக் உருளைகள் படுத்திருந்தன.

"அது ஆடிட்டுக்கு வெச்சதுங்கம்மா. பர்மனென்ட் இல்லீங்க" என்றார் மேனேஜர். "இப்ப போய்க் குழந்தைய உள்ள வெச்சிருந்தா, குழந்தைத் தொழிலாளர்னு எழுதிப் போட்ருவாங்களுங்க. உங்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்." இரண்டு வயதுப் பிள்ளை ஓவர்லாக் ஓட்டும் என்று யார் எழுதுவார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான சார் படம் எடுத்திய?"

"படம் மட்டும்தாங்க எடுத்தேன்" என்றேன்.

இந்த ஊரில் நான் சொன்ன பொய்கள் ஆயிரம் இருக்கும். அவை எதற்கும் நான் கூசியதில்லை. இது உண்மை, இதற்குக் கூசுகிறேன்.

அன்றைக்கு அவள் லீவு போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த நாள், சாப்பாட்டு மணி அடித்ததும் என் மேஜைக்கு வந்தாள். "வெளிநாட்டுக்காரவுகளுக்கு நீங்கதான எழுதுதிய. அந்த ரூமு நெசமாவே வேணும்னு ஒரே ஒரு வரி எழுதுங்களேன் சார்" என்றாள். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பார்க்கிறேன் என்று சொன்னேன்.

எழுதவும் உட்கார்ந்தேன். அதை மறைக்க மாட்டேன். முதலில் ஒரு பக்கம் வந்தது. அதில் நான் நட்ட நடுவில் நின்றேன், நியாயவானாக, கேமராவைப் பார்த்துக்கொண்டு. அதை வெட்டினேன். ஒரு பத்தி ஆனது. முதலாளி மேல் பழி வருகிறது என்று அதில் பாதியை வெட்டினேன். வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று யோசித்து மீதியில் பாதியை வெட்டினேன். கடைசியில் ஒரு வாக்கியம் நின்றது: 'அந்த அறை இல்லை.' எழுவாய், பயனிலை, ஓரம் சுத்தம். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வாக்கியம் நான் எழுதியதில்லை. அதையும் வெட்டினேன். ஒன்பது நாளும் இப்படியே கலையில் கழிந்தன. பத்தாம் நாள் அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அவள் என்னிடம் அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டாள். பிள்ளை படம் கையில் ஒன்றும் இல்லையாம். எனக்குப் பாவம் தீர ஒரு வழி கிடைத்தது என்று சந்தோஷமாகிவிட்டது. பெரிய அளவில் போட்டு, வழவழப்பான தாளில், வாத்தியாருடைய ஸ்டுடியோ உறையில் வைத்துக் கொடுத்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். முதலில் சிரித்தாள். பிறகு படத்தின் இடது ஓரத்தை விரலால் தடவினாள், அது மடிந்திருக்கிறது, பிரித்தால் இன்னும் கொஞ்சம் வரும் என்பதுபோல.

"எங் கை எங்க சார்?"

நான் விளக்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் விளக்கினேன். குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு, ஓரத்தில் அரைக் கை நின்றால் பார்க்கிறவர் கண் அங்கே போய்விடும் என்று முழு வகுப்பும் எடுத்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அவ எங் கையப் பிடிச்சிட்டுல்லா சார் தூங்குனா" என்றாள்.

அப்போதுதான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். நீண்டு கிடந்த சின்னக் கை, ஓரத்தில் மூடியிருந்தது. அது கற்பனையை ஒன்றும் பிடிக்கவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் சுவரில் மாட்டி ரசித்தது, நான் வெட்டிய இடத்தைத்தான். பழைய படத்தை எடுத்துத் தருகிறேன் என்று ஓடினேன். கேமராவின் கார்டு சின்னது, வாராவாரம் அழித்துவிட்டுப் புதுப் பனியன் ஸ்டைல்களை எடுப்போம். கம்ப்யூட்டரில் வெட்டியதை அதே பெயரில் சேமித்திருந்தேன். எங்கேயும் இல்லை. அவளிடம் சொன்னேன். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு உறையை இடுப்பில் செருகிக்கொண்டு மிஷினுக்குப் போனாள்.

வாத்தியார் வகுப்புக்கு அதன்பின் நான் போகவில்லை. முகூர்த்தம் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அந்தக் காரணம் புரியும்.

ஆறு மாதம் கழித்து பையரிடமிருந்து மெயில் வந்தது. காப்பறைப் படம் அவர்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்துப் போய்விட்டதாம். அதே அறையின் இப்போதைய படம் ஒன்று வேண்டுமாம், முடிந்தால் அதே குழந்தையோடு. மேனேஜர் ரோஸ் சுவரைத் துடைக்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லீருங்க. ஊர்ல இருந்து ரெண்டு நாளைக்குக் கூட்டியாரச் சொல்லுங்க. குழந்த வளந்திருக்கறது தெரியோணுமாமுங்க."

லைனில் அவள் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்தாள். மிஷினுக்கு மேலே விளக்கு மாட்டிய இரும்புத் தகட்டில் படம் ஒட்டியிருந்தது. இடது ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கை வரைந்திருந்தாள். கோணல் மாணலாக, ஐந்து விரல், இரண்டு வளையல். அது படத்துக்கு வெளியே தொடங்கி, தகட்டின் இரும்பிலிருந்து, படத்துக்குள் வந்தது. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் மிஷினை நிறுத்தவில்லை. துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கை இல்லாமத்தான எடுத்திய சார். பிள்ளை இல்லாமலும் எடுத்துருங்க. நல்லாத்தான் வரும்."

எடுத்தேன். எலாஸ்டிக் உருளைகளை இறக்கி வைத்து, தொட்டிலில் ஒரு சின்னப் போர்வையை, பிள்ளை இப்போதுதான் எழுந்து போனதுபோலக் கலைத்துப் போட்டு எடுத்தேன். கீழே 'குழந்தைகள் உணவுக்கு அழைத்துச் செல்லப்பட்டுள்ளனர்' என்று எழுதினேன். பையர் பாராட்டி மெயில் போட்டார்கள். அவள் சொன்னது சரி, படம் நன்றாகத்தான் வந்தது. நாலு ஓரத்திலும் ஒன்றுமே இல்லை.